வட்டமா, செவ்வகமா: சாப்பாட்டு மேசை குறித்து ஒரு சிற்றாய்வு

சாப்பாட்டு மேசை வாங்கக் கிளம்பும் குடும்பம் கடை வாசலிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. கண்ணாடி பதித்த வட்ட மேசையைக் கண்டதும் "பாக்க அம்சமா இருக்கு" என்று தடவிப் பார்ப்பவர்கள் வட்டவாதிகள். இஞ்ச் டேப்பை விரித்தபடி "எல்லாம் சரி, எங்க போடறது?" என்று கேட்பவர்கள் செவ்வகவாதிகள். இவ்விரு மரபினரின் பூசல் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியும், நானறிந்து யாரும் இதை முறையாக ஆராய்ந்தபாடில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கு. நான்கடி விட்டமுள்ள வட்ட மேசையின் சுற்றளவு ஏறக்குறைய 12.57 அடி. பரப்பும் அதே 12.57, சதுர அடியில். (விட்டம் நான்கு என்றால் மட்டும் அமையும் இந்தப் பொருத்தம் வட்டவாதிகளுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் ஜாதகப் பொருத்தம் என்றே சொல்வார்கள்.) ஆளுக்கு இரண்டடி வைத்தால் ஆறு பேர். நடுவில் இருக்கும் சாம்பார் எல்லோருக்கும் எட்டும் தூரத்தில். ஐந்துக்கு மூன்று அடிச் செவ்வகத்தின் சுற்றளவோ 16 அடி. எட்டுப் பேர் உட்காரலாம் என்று கணக்கு சொல்லும். மூலையில் உட்கார்ந்தவரின் முழங்கால் மேசைக்காலில் இடிபடும்போது கணக்கு வாயைத் திறக்காது. ஆகவே அதிலும் ஆறு பேர்தான். ஆள் கணக்கில் இருதரப்பும் சமம்.

மேசைக்கால் தொல்லைக்கு வட்டவாதிகளிடம் ஒரு விடை உண்டு. ஃபின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென், மேசை நாற்காலிகளுக்கு அடியில் கால்கள் மண்டிக் கிடப்பதைப் பொறுக்காமல் 1950களில் ஒற்றைக்கால் மேசையை உருவாக்கினார். அதன் மூன்றாந்தலைமுறை நகல் நம்மூர்க் கடைகளிலும் கிடைக்கிறது. ஓரத்தில் முழங்கையை ஊன்றி எழுந்தால் எதிர்ப்பக்கத்து ரசம் நம்மைத் தேடி வரும்.

அடுத்தது பொருளாதாரம். எட்டுக்கு நான்கு ப்ளைவுட் ஷீட் ஒன்றில் நான்கடி வட்டம் இரண்டு வெட்டலாம். ஷீட் 32 சதுர அடி, வட்டங்கள் இரண்டும் சேர்ந்து 25 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வளைந்த துண்டுகளாகப் போய்விடுகிறது. "இத வெச்சு நான் என்ன சார் பண்றது, அடுப்புலதான் போடணும்" என்றார் நான் விசாரித்த ஆசாரி. செவ்வகத்தில் விழும் மிச்சம் அப்படியல்ல. அது ஷூ ரேக் ஆகும், பூஜை அலமாரிக்குத் தட்டாகும், ஒன்றுமில்லாவிட்டால் மோட்டார் ஸ்விட்சுக்கு மழை மறைப்பாகும்.

இனி அரசியல். வட்ட மேசைக்குத் தலைமாடு கிடையாது, ஆகவே அங்கே எல்லோரும் சமம் என்பது வட்டவாதிகளின் மூலமந்திரம். ஆதாரமாக லண்டன் வட்டமேசை மாநாட்டை இழுப்பார்கள். வட்டமேசை என்று பெயர் வைத்துவிட்டால் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்களா? 1930இல் காங்கிரஸ் போகவில்லை, 1931இல் காந்தி போனார், 1932இல் காங்கிரஸ் மறுபடி போகவில்லை. பாரிஸில் நடந்த வியட்நாம் பேச்சுவார்த்தை இன்னும் ஒருபடி மேல். மேசை என்ன வடிவம் என்பதிலேயே வாரக்கணக்கில் இழுபறி. நான்கு தரப்பா, இரண்டே தரப்பா என்ற சண்டையை மேசையின் மேல் ஏற்றிவிட்டார்கள். வியட்நாமில் போர் நடந்துகொண்டேயிருந்தது. கடைசியில் 1969 ஜனவரியில் சமரசம்: கொடியோ பெயர்ப்பலகையோ இல்லாத ஒரு வட்ட மேசை, அதன் இருபுறமும் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு செவ்வக மேசைகள். இரண்டு வடிவத்தையும் சேர்த்து வாங்கிப் போட்டு வீட்டுச் சண்டையை முடித்த பெரியவர்கள் வரலாற்றில் இவர்கள்தான்.

நம் வீடுகளில் சமத்துவத்தை வடிவம் தீர்மானிப்பதில்லை, மின்விசிறி தீர்மானிக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழே எந்த நாற்காலி, டி.வி. தெரியும் நாற்காலி எது, சமையலறைக்குப் பக்கத்து நாற்காலி எது என்று பாருங்கள். முதலிரண்டில் யார், மூன்றாவதில் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவதில் உட்காருபவர் பெரும்பாலும் உட்காருவதேயில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் பூர்வாங்கம். இவ்வழக்கைத் தீர்ப்பது மேசையே அல்ல, சுவர் என்பது என் துணிபு. இதற்குச் 'சுவரொட்டல் கோட்பாடு' என்று பெயரிடுகிறேன். தமிழ் வீட்டில் எந்த மரச்சாமானும் நாளடைவில் சுவரை நோக்கி நகரும். ஹாலின் நடு காலியாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் பாய் விரிக்க வேண்டும், கொலுவுக்குப் படி கட்ட வேண்டும், சிரார்த்தமோ கணபதி ஹோமமோ என்றால் ஐந்தாறு பேர் சம்மணமிட இடம் வேண்டும். பழைய திண்ணையைப் பாருங்கள். ஆள் உட்காரவும் படுக்கவும் ஆன அந்தத் தளவாடம் சுவரிலிருந்தே முளைத்தது. ஊஞ்சல் மட்டும் விதிவிலக்கு. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு ஆடிப் பார்த்தவர்கள் இருந்தால் விளக்கம் தருவார்கள்.

செவ்வக மேசை சுவரோடு ஐந்தடிக்கும் ஒட்டும். ஒட்டிய அந்த விளிம்பில் ஒரு தனி நாகரிகமே வளர்கிறது: மாவடு ஜாடி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சர்க்கரை, மாலையில் ஒன்று என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய மாத்திரை டப்பா, கேஸ் புக், போன மாதம் முடிந்துவிட்ட கல்யாணத்தின் பத்திரிகை, எதற்கென்று தெரியாத சாவி ஒன்று. இவற்றுக்கு அடியில் ஆப்பிளும் திராட்சையும் அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பு, சுவர்ப்பக்கம் மட்டும் நிறம் மங்காமல். சாப்பிட மிஞ்சுவது ஒன்றரை அடி. வீட்டார் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன் போய்விடுவதால் அதுவே போதுமானதாயிருக்கிறது.

வட்டமோ சுவரை ஒரே புள்ளியில்தான் தொடும். இது பள்ளியில் படித்த தொடுகோடுதான், ஆனால் அதன் குடும்ப விளைவுகளை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. தொட்ட புள்ளிக்கு இருபுறமும் இரண்டு சந்து. ஸ்பூன், ரிமோட், கொத்தமல்லிக் கட்டு, ரப்பர் பேண்ட் எல்லாம் அதற்குள்தான் விழும். விளக்குமாறு நுழையாது, கை நுழையும், ஆனால் வெளியே வரும்போது ஒட்டடையோடு வரும்.

வாஸ்துவும் வட்டத்தைக் கைவிட்டது. ஈசானியம், அக்னி, கன்னி, வாயு என்று அதன் பாடம் மூலைகளில்தான் நடக்கிறது. வட்டமாக வீடு கட்டியவர் பீரோவை எந்தக் கன்னி மூலையில் வைப்பார்?

மறுப்பு ஒன்று வரலாம். தோசைக்கல், இட்லித்தட்டு, அப்பளம், வடாம், சாப்பிடும் தட்டு எல்லாமே வட்டமாயிருக்க, அவை வந்து இறங்கும் பலகை மட்டும் ஏன் செவ்வகம்? நியாயமான கேள்வி. உருட்டிய மாவும், நடுவில் ஊற்றிப் பரப்பிய மாவும் வட்டமாவது இயல்பு. அந்த வடாமைக்கூட மாடியில் செவ்வக வேட்டி மேல்தானே காய வைக்கிறோம்? ஆட்டுக்கல்லை வெளியே சதுரமாகவும் உள்ளே குழிவட்டமாகவும் செதுக்கிய கல்தச்சர் இருதரப்பையும் சமாளித்துவிட்டார். டென்மார்க்கின் பீட் ஹைன் இதையே கணிதமாகச் செய்தார். ஸ்டாக்ஹோமின் ஒரு சதுக்கத்துக்காக 1959இல் அவர் கொடுத்த வடிவம் வட்டமுமல்ல, செவ்வகமுமல்ல. பிறகு அவ்வடிவில் மேசையும் செய்தார்கள். நம்மவர்கள் ஓவல் டேபிள் என்று ஒன்றை விற்கிறார்கள். அதைச் சுவரோடு ஒட்டினாலும் சந்து விழும்.

கடைசிச் சான்று இங்கிலாந்தின் வின்செஸ்டரிலிருந்து. ஆர்தர் மன்னனின் வட்ட மேசை என்று நெடுங்காலம் நம்பப்பட்ட பலகை ஒன்று அங்குள்ள பெரிய மண்டபத்தில் இருக்கிறது. உண்மையில் அது 13ஆம் நூற்றாண்டில் செய்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் வண்ணம் தீட்டினார்கள். விட்டம் சுமார் 18 அடி, எடை ஒரு டன்னுக்கு மேல். சமத்துவத்தின் சின்னமான அந்த மேசை காலை இழந்து, பல நூற்றாண்டுகளாகச் சுவரில் மாட்டிக் கிடக்கிறது. வட்டத்தை முழுதாகச் சுவரோடு ஒட்டவைக்க வேறு வழியில்லை என்று அவர்களும் கண்டுகொண்டார்கள்.

அந்த மேசையின் படத்தை என் அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அதுக்குப் பின்னாடி பல்லி எவ்வளவு இருக்கும்!" என்றாள்.