எச்சவியல்: கணினித் துப்புரவு குறித்து ஓர் ஆய்வு

1. நுவல்பொருள்

மந்தமான கணினியைத் துடைத்தால் வேகம் பிறக்கும் என்பது நம் காலத்து ஐதீகம். அது தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும்.

2. பாகுபாடு

கணினியில் தங்கும் எச்சம் இருவகை. மென்பொருளை நீக்கிய பின்னும் ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் மட்டும் நிற்பது பெயரெச்சம். வேலை முடிந்த பின்னும் வட்டில் கிடக்கும் தற்காலிகக் கோப்பு வினையெச்சம். இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

3. களப்பணி

ஆய்வுக்கு உட்பட்டது என் மாமாவின் மடிக்கணினி. துப்புரவு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டோம். சிவப்பு எழுத்தில் ரெஜிஸ்ட்ரிக் கோளாறுகளின் எண் ஏறியது: 214, 508, 933.

"மாப்ளே, இவ்வளவு கோளாறோட இது எப்படிடா ஓடுச்சு?"

கேள்வி ஆழமானது, மாமா விடைக்குக் காத்திருக்கவில்லை. கண்டுபிடிப்பது இலவசம், சரிசெய்யக் காசு. கட்டினார். துடைக்குமுன் கணினி எழ 1 நிமிடம் 52 நொடி. துடைத்தபின் 1 நிமிடம் 51 நொடி. அந்த ஒரு நொடி, கடிகாரத்தை அழுத்திய என் கட்டைவிரலின் பிழை என்க.

4. பெயரெச்ச ஆராய்ச்சி

ரெஜிஸ்ட்ரி பெருத்தால் தேடல் தாமதமாகாதோ எனின், ஆகாது. விண்டோஸ் 95 முதல் அமைப்புகளெல்லாம் குவியும் அக்கிடங்கு மரம்போல் கிளைத்தது; மென்பொருள் தன் கிளைக்கு நேரே போய்விடும். தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடு தபால்காரரைத் தாமதப்படுத்துவதில்லை. பதிவுக்கு 1 கேபி என்று தாராளமாக வைத்தாலும் 933 பதிவும் சேர்ந்து 1 எம்பி தேறாது. மாமா காலையில் அனுப்பும் 'வணக்கம்' வீடியோ அதைவிடப் பெரிது.

கேடோ உண்டு. தவறான பதிவு அழிந்தால் விண்டோஸ் எழாமலே போகலாம். 1990களில் 'ரெக்கிளீன்' என்ற கருவியைத் தானே தந்த மைக்ரோசாஃப்ட் பின்னர் அதை விலக்கிக்கொண்டது. இன்று இவ்வகைக் கருவிகளை ஆதரிப்பதில்லை என்கிறது. 2017இல் சிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பிலேயே தீநிரல் புகுந்து 22 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களைச் சென்றடைந்தது. துடைப்பத்துக்குள் தேள்.

5. வினையெச்ச ஆராய்ச்சி

இதற்கு எடை உண்டு. பெரிய மேம்படுத்தலுக்குப் பின் தங்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' கோப்புறை ஒன்றே பல ஜிபி. வட்டு நிரம்பித் திணறும் கணினிக்கு இதை நீக்குவது மெய்யான பயன். ஆனால் அதற்கான டிஸ்க் கிளீனப்பும் ஸ்டோரேஜ் சென்ஸும் விண்டோஸிலேயே உள்ளன, காசின்றி. பிரவுசரின் கேஷை அழிப்பதோ வீண்வேலை: அழித்ததை அது மறுபடி இறக்கிக்கொள்ளும்.

மாமாவின் டவுன்லோட்ஸில் பேத்தியின் காதுகுத்து வீடியோ 4 பிரதி, 11 ஜிபி. மூன்றை அழிக்கப் போனேன்.

"அதுல மட்டும் கை வெக்காத."

6. முடிபு

பெயரெச்சத்தைத் தொடற்க. வினையெச்சத்தை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். மூன்றாவது எச்சமாகிய பாசத்துக்குக் கருவி இல்லை.

துப்புரவு மென்பொருளை அன்றே நீக்கிவிட்டேன். ஐயம் தீர ரெஜிஸ்ட்ரியில் தேடினால் அதன் பெயர் 7 இடங்களில் நிற்கிறது.