ஞாயித்துக்கிழமைப் பசி

வாடா பேராண்டி. சிறுசேரியில கம்ப்யூட்டர் தட்டுற பயலுக்கு ஞாயித்துக்கிழமை வந்தா பசி எடுக்குது, அதுவும் அம்பது கிலோமீட்டர் தள்ளிப் போனாத்தான் எடுக்குது. காரை எடுத்துக்கினு கெளம்புறதுக்கு முன்னால கெழவன் சொல்றதையும் காதுல வாங்கிக்கோ.

ஜிஎஸ்டி ரோட்டுல செங்கல்பட்டைத் தாண்டினா, 'கும்பகோணம் டிகிரி காபி'ன்னு போர்டு போர்டா நிக்கும். கும்பகோணம் அங்கேர்ந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல. அந்த ஊரு மாடு இங்க வந்து எப்படிக் கறக்குதுன்னு மட்டும் கேட்டுடாதே. பித்தளை டபரா பளபளன்னு இருந்தா கேள்வியே வராது. நம்ம ஊரு மாடுதான் கறந்திருக்கும், பாவம். 'மதுராந்தகம் டிகிரி காபி'ன்னு எழுதி வெச்சா, ஏரிய எட்டிப் பாத்துட்டு நிக்காம போயிடுவியே!

ஈசிஆர் பக்கம் இன்னும் விசேஷம். வாசல்ல மாட்டுவண்டிச் சக்கரம், திண்ணை, மண்பானை, வேட்டி கட்டின பையன். உள்ள ஏசி. நம்ம வூட்டுத் திண்ணைய ஒங்கப்பன் இடிச்சிட்டு கிரில் கேட்டு போட்டான். நீ அங்க போயி காசு குடுத்துத் திண்ணையில ஒக்காந்து கம்பங்கூழ் குடிக்கிற. அதே கூழ ஒங்க பாட்டி குடுத்தா மூஞ்சச் சுளிக்கிறியே, அது இன்னா கணக்கு?

மகாபலிபுரம் ஒத்தவாடைத் தெருவுல வெள்ளைக்காரன் இட்லி கேக்குறான், நீ பாஸ்தா கேக்குற. சாப்பிடு, வாணாங்கல. ஆனா 2019 அக்டோபர்ல மோடியும் சீன அதிபரும் பஞ்சரதத்தாண்ட ஒக்காந்து குடிச்சது இளநி. ஒனக்குத்தான் கோல்டு காபி இல்லாம தொண்டை நனையாது.

மீன் திங்கணும்னா மொதல்ல காலண்டரப் பாரு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு, விசைப்படகு கடலுக்குப் போவாது. சின்ன ஃபைபர் படகு மட்டும் போயிட்டு வரும். காலையில கோவளம் கரையில நின்னு இன்னிக்கு இன்னா வந்துதுன்னு கேளு. சங்கரான்னு சொன்னா சங்கரா தின்னு. மே மாசத்துல கையகல வஞ்சிரத்தத் தட்டுல வெச்சி 'இன்னிக்குப் புடிச்சது'ன்னு சொன்னா, எந்த இன்னிக்குன்னு கேட்டுக்கோ.

அப்புறம் காரை வுட்டு எறங்கி நட. மகாபலிபுரத்துல உளிச் சத்தம் கேக்குற சந்தா பாத்துப் பூந்துக்கோ. கல்லு செதுக்குறவங்க டீ குடிக்கிற கடை ஒண்ணு இருக்கும், போர்டு இருக்காது. வடை பன்னண்டு மணிக்குள்ள தீந்துடும், அந்தக் கடைக்கு ரிவ்யூ அதான். போட்டோ புடிச்சிப் போட்டுத் தொலைக்காதே. அடுத்த ஞாயித்துக்கிழமை அங்கயும் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தச் சாத்தி வெச்சிடுவானுங்க.

இந்தப் பக்கம் சாப்பாட்டுக்குன்னே தூரத்துலேர்ந்து வந்த மொத ஆளுங்க நம்ம திருக்கழுக்குன்றத்துக் கழுகுங்கதான். காசியில குளிச்சிட்டு வருதுங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. உச்சிவேளைக்கு மலைமேல வந்து எறங்கும், சக்கரைப் பொங்கலத் தின்னும், பறந்துடும். ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. நீங்கள்லாம் காரை எடுத்துக்கினு வர ஆரம்பிச்ச காலத்துலதான் அதுங்க வர்றத நிறுத்திச்சு. நான் ஒண்ணும் முடிச்சுப் போடல.

ஒனக்கு றெக்கை இல்ல, காரு இருக்கு. அடிவாரத்துல எடம் கெடைக்காது. நம்ம புளியமரத்தடியில நிறுத்திக்கோ, மணிக்கு முப்பது ரூபா. இன்னாடா மொறைக்கிற? பேரன்னுதான் முப்பது. மத்தவங்களுக்கு அம்பது.