சுவர் பூசும் படலம்

அமெரிக்க ஃபுட்பாலில் பந்து வீசுகிறவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் நிற்பது சும்மா அழகுக்கல்ல. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு அதில் சந்தேகம் இருந்திருக்கும் போல. 2020 நவம்பரில் அவர்களுக்காகப் பந்து வீசும் ஜோ பர்ரோவின் முழங்கால் கிழிந்தது. புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் தடுப்பு வீரர் பெனே சூவெலை விட்டுவிட்டு, பந்து பிடிக்கும் ஜாமார் சேஸை எடுத்தார்கள். சேஸ் பிரமாதம், அதில் வழக்கில்லை. வீசுகிறவர் நின்றால்தானே பந்து வரும்?

அந்த சீசனின் பிளேஆஃபில், டென்னசியில் 9 முறை சாய்க்கப்பட்டும் ஜெயித்தார் பர்ரோ. இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 7 முறை; தோல்வி.

உடனே கப்பா, கராஸ், காலின்ஸ் என்று புதுத் தடுப்பு வீரர்கள் மீது காசைக் கொட்டினார்கள். 2022-இன் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் சாய்த்தது, மறுபடியும் 7 முறை!

கடைசியில் தடுப்பு வரிசைப் பயிற்சியாளர் ஃபிராங்க் போலக்குக்கு 2025 ஜனவரியில் சீட்டு கிழிந்தது. ஆள் தேர்வுக்குப் பொறுப்பான டியூக் டோபின் நாற்காலி மட்டும் ஆடவில்லை.