பத்தடி நடந்தால் கூப்பிடுவார்கள்

ஓ.எம்.ஆரில் ஆறு வருடம் கோடு எழுதியாயிற்று, வேலை மாறலாம் என்று பார்க்கிறாயா தம்பி? நல்லது. முதலில் எச்.ஆரிடமிருந்து போன் வரும். "கரன்ட் சி.டி.சி. எவ்வளவு?" பைசா சுத்தமாகச் சொல்லிவிடு. வரப்போகும் வேலைக்கு என்ன கூலி என்பதா முக்கியம்? பழைய கம்பெனி உனக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தது என்பதுதான் அடிப்படை. அதன்மேல் 30 சதவீதம் வைத்தால் அதற்குப் பெயர் ஹைக்.

"எக்ஸ்பெக்டேஷன்?" என்றால், "உங்க ஸ்டாண்டர்டுப்படி பாத்துக் குடுங்க மேடம்" என்று குழைய வேண்டும். "இந்த வேலைக்கு உங்க பட்ஜெட் என்ன?" என்று திருப்பிக் கேட்பதெல்லாம் கோயம்பேட்டில் முருங்கைக்காய் வாங்கும் உன் அம்மாவின் பழக்கம். பி.இ. படித்தவனுக்கு அழகா?

ஆஃபர் லெட்டரில் 18 லட்சம் என்றிருக்கும். உடனே 12-ஆல் வகுத்து, மாதம் 1,50,000 என்று கார் இ.எம்.ஐ. பார். பேசிக் பாதி, அதாவது 9 லட்சம் என்றால், கம்பெனி கட்டும் பி.எஃப். 1,08,000 அந்த 18-க்குள்தான். ஐந்து வருடம் தாக்குப்பிடித்தால் கிடைக்கிற கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், சுமார் 43,000, அதுவும் உள்ளேதான். வேரியபிள் பத்து சதவீதம். அது மழை மாதிரி, வந்தால் வரும். உன் பங்கு பி.எஃப். மாதம் 9,000 போக, வரிக்காரர் கைவைப்பதற்கு முன்பே 1,13,000 சொச்சம்தான். ஜாயினிங் போனஸா? ஒரு வருடத்துக்குள் கிளம்பினால் திருப்பிக் கட்ட வேண்டும். ஊரில் அதைக் கைமாற்று என்பார்கள்.

"இமீடியட் ஜாயினரா?" என்று கேட்பவரின் கம்பெனியிலும் நோட்டீஸ் 90 நாள்தான். சிரிக்காதே. அந்தத் தொண்ணூறு நாளில் இன்னொரு ஆஃபர் வாங்கிக் காட்டினால், இல்லாத பட்ஜெட் சாயங்காலத்துக்குள் முளைத்துவிடும். நீ ராஜினாமா செய்த மறுநாள், அப்ரைசலில் கைவிரித்த மேனேஜருக்கும் அப்படியே முளைக்கும். அவர் காபி வாங்கிக் கொடுத்து, "நாமெல்லாம் ஒரே ஃபேமிலி" என்பார். நீ நெகிழ்ந்து அங்கேயே தங்கிவிடு. பேரம் படியாமல் பத்தடி நடந்து, கடைக்காரர் கூப்பிட்டதும் அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வரும் முதல் ஆள் நீயாக இருப்பாய்.

சந்தோஷத்தில் அம்மாவுக்கு போன் போட்டு, "பதினெட்டு லட்சம்மா!" என்பாய். அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடிக்கும்வரை சத்தம் இருக்காது.

"சரிடா, பிடித்தம் போக கையில எவ்வளவு வரும்?"