பெருவிளையாட்டுப் பாதுகாப்பியல்: ஆரணி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆரணியைப் பற்றி எழுதியவர்கள் பட்டைத் தொட்டார்கள், அரிசியைத் தொட்டார்கள், கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே வந்து சண்டை போட்டதும், 1782-ல் ஐர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் மோதியதும் வரலாற்றுப் புத்தகங்களில் ஏறியிருக்கின்றன. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் ஆரணி வீடுகளின் கம்ப்யூட்டரில் டி டிரைவுக்குள் என்ன இருக்கிறது, அதை யார் அழிக்கிறார்கள், அழித்தபின் அந்த வீட்டில் எத்தனை வேளை சோறு வேண்டாம் என்ற முழக்கம் கேட்கிறது என்பதை ஆராய ஒரு பேராசிரியருக்கும் மனம் வரவில்லை. அக்குறையை நீக்கவே இந்த ஆய்வேடு.

ஆய்வெல்லை: கமண்டல நாகநதியின் இக்கரையும் அக்கரையும். ஆய்வுக்களம்: நெசவு வீடுகள், ஜக்கார்டு டிசைன் போடும் கடைகள், சர்வீஸ் கடைகள். தரவாளர்கள் பெயர் வெளியிடப்படவில்லை. வெளியிட்டால் அவர்களுடைய அப்பாக்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் வரையறை. ஒருமுறை அழிந்தால், மறுபடி இறக்கி முடிப்பதற்குள் அதை ஆடும் ஆசையே விட்டுப்போகும் அளவுக்குப் பெரிதாக உள்ள கணினி விளையாட்டு ‘பெருவிளையாட்டு’ எனப்படும்.

இருபதாண்டுக்கு முன் இப்படியொரு இனம் கிடையாது. 2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி ஒரு ஜிபிக்குள் அடங்கியது. ஒருவன் தெரியாமல் அழித்தாலும் அடுத்த தெருவிலிருந்து பென்டிரைவில் வந்துவிடும்; பெரும்பாலும் அழித்தவனே போய் வாங்கி வருவான். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதும் நிலைமை இதுதான். (அந்த மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அது எத்தனை வீடுகளில் வைஸ் சிட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கியது என்பது தனி முனைவர் பட்டத்துக்கான தலைப்பு.)

இன்றைய நிலை வேறு. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆட வேண்டுமானால் 150 ஜிபி இடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். 2019-ல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 175 ஜிபி கேட்டது. அப்டேட் மேல் அப்டேட்டாக ஏறி 200-ஐத் தாண்டியது. ‘உள்ளே அப்படி என்னதான்டா இருக்குது?’ என்பது களப்பணியில் அம்மாக்கள் தவறாமல் எழுப்பிய வினா. இதற்கு 2014-ல் வெளிவந்த டைட்டன்ஃபால் நல்ல சான்று. கம்ப்யூட்டரில் அது பிடித்த இடம் 48 ஜிபி. அதில் 35 ஜிபி வெறும் ஒலிக்கோப்புகள். சுருக்கி வைத்தால் விரித்துப் படிக்கும் வேலையில் சுமாரான கம்ப்யூட்டர்கள் திணறும் என்பதால், சுருக்காமலே போட்டுவிட்டார்கள். முக்கால்வாசி சத்தம்தான் என்று விளக்கியதும், ‘நான் அப்பவே சொன்னேன், அதுல சத்தத்தைத் தவிர ஒண்ணும் இல்லேன்னு’ என்று ஒரு தாயார் இத்தரவை வழிமொழிந்தார்.

இனி இழப்பின் அளவு. 40 எம்பிபிஎஸ் இணைப்பில், வேகம் ஒரு நொடியும் குறையாமல் வந்தால், 150 ஜிபி இறங்க 8 மணி 20 நிமிடம் ஆகும். இந்தக் ‘குறையாமல்’ என்ற சொல்லைக் களத்தில் வாசித்துக் காட்டியபோது சிரித்தார்கள். நாளுக்கு 2 ஜிபி தரும் செல்போன் பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால், நடுவில் ஒரு வாட்ஸ்அப் வீடியோகூடப் பார்க்காமல் இருந்தால், 75 நாள். கல்யாணப் புடவை ஒன்று தறியில் பதினைந்து இருபது நாள் இழுக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு விளையாட்டு இறங்கி முடிவதற்குள் மூன்று மணப்பெண்களுக்குப் புடவை தயார்.

அழிப்போர் நால்வர்: விருந்தாளிச் சிறுவன், வைரஸ் பிடிக்கும் செயலி, இடநெருக்கடி முதலாளி, பார்மட் அண்ணன். முதல் இருவரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மே மாத லீவில் வரும் மாமா பையன் எதையாவது அழுத்துவான். செயலியோ, விளையாட்டின் உயிர்நாடியான ஒரே ஒரு கோப்பைத் திருடன் என்று பிடித்து உள்ளே வைத்துவிடும். மீதி 149 ஜிபி வெளியே அநாதையாக நிற்கும்.

மூன்றாமவர் கவனத்துக்குரியவர். ஜக்கார்டு டிசைன் போடும் கடையில் அவரைக் காணலாம். கட்டம் கட்டமாகப் பார்டரும் முந்தானையும் வரையப்படும் அந்தக் கம்ப்யூட்டரில், பகலில் அன்னம், மயில். இரவில், டிசைன் போடும் பையன் கைவரிசையில், துப்பாக்கிச் சூடு. அன்னத்துக்குத் தேவையான இடம் கொஞ்சம், துப்பாக்கிக்குத்தான் நிறைய. ஒரு நாள் முதலாளி மவுஸைப் பிடிக்கிறார். டி டிரைவின் கோடு நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியிருக்கிறது. எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்கிறார். ‘இவ்ளோ பெருசா ஒண்ணு கீது, வைரஸா இருக்கும்’ என்று முடிவு கட்டுகிறார். இது குப்பைத்தொட்டிக்குக் கொள்ளாது, ஒரேயடியாக அழித்துவிடலாமா என்று விண்டோஸ் மரியாதையாகத்தான் கேட்கிறது. குப்பைத்தொட்டியே வேண்டாம் என்கிற குப்பை எவ்வளவு மோசமானதாக இருக்கும் என்று அவர் எஸ் கொடுக்கிறார்.

நான்காமவர் தொழில்முறையாளர். ‘சிஸ்டம் ஸ்லோவா இருக்குதுப்பா’ என்று அப்பா தூக்கிக்கொண்டு போய் வைத்ததும், அவர் சொல்வது ஊரறிந்த மருந்து: ‘பார்மட் அடிச்சிடலாம் சார்.’ அவரைக் குறை சொல்ல முடியாது; ‘உள்ள டேட்டா எதனா இருக்குதா?’ என்று கேட்கத்தான் கேட்கிறார். ‘ஒண்ணும் இல்ல, பையன் கேம்தான் வச்சிருக்கான்’ என்று அப்பா சொல்கிறார். களத்தில் திரட்டிய சோகங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தவை.

பையனே பார்மட் அண்ணனாகும் கிளைவகையும் உண்டு. விண்டோஸில் ‘ரீசெட்’ கொடுத்து, ‘என் கோப்புகளை வைத்திரு’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவான். விண்டோஸ் அகராதியில் கோப்பு என்றால் போட்டோ, கடிதம், பாட்டு. பின்னால் நிறுவியவை எல்லாம் செயலி, போக வேண்டியவை. சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் விளையாட்டு இருந்தால் அதுவும் செயலிக் கணக்கே. காலையில் தாத்தாவின் அறுபதாம் கல்யாண ஆல்பம் பத்திரமாக இருக்கும். 150 ஜிபி இருக்காது.

இது ஆரணிக்கே உரிய அவலமோ என்று நினைக்க வேண்டாம். மேல்நாட்டுச் சான்றுகள் இதைவிடக் கலவரமானவை. 1998 டிசம்பரில் பங்கி நிறுவனம் வெளியிடவிருந்த மித் 2 விளையாட்டில், நீக்கும் கருவியிலேயே கோளாறு. விளையாட்டைத் தனி ஃபோல்டரில் போடாமல் டிரைவின் தலைமாட்டில் நிறுவியிருந்தால், அதை நீக்கும்போது டிரைவையே துடைத்துவிடும். கடைக்குப் போன பெட்டிகளைத் திரும்ப வரவழைத்தார்கள். 2007 டிசம்பரில் ஈவ் ஆன்லைன் விளையாட்டின் டிரினிட்டி அப்டேட், தன்னிடமிருந்த பழைய பூட்.ஐஎன்ஐ கோப்பை அழிப்பதாக எண்ணி, விண்டோஸ் எக்ஸ்பி எழுந்து நிற்கத் தேவையான பூட்.ஐஎன்ஐ கோப்பை அழித்தது. 2015 ஜனவரியில் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலியின் ஃபோல்டரை இடம் மாற்றி வைத்தவர்கள், பயனருக்குச் சொந்தமான எல்லாக் கோப்பும் போய்விட்ட கதையைச் சொன்னார்கள். அழிக்கச் சொல்லும் அந்த நிரல் வரிக்கு மேலே எழுதியவரே ‘பயங்கரம்!’ என்ற பொருளில் ஒரு சொல் குறித்துவைத்திருந்தார். பயந்துகொண்டே எழுதிவிட்டுப் போயிருக்கிறார், பாவம். நம் முதலாளியிடம் அந்த அச்சம்கூட இல்லை.

இந்தியத் துறைக்கு வந்தால், பிரவுசிங் சென்டர் காலத்தைச் சொல்லாமல் போக முடியாது. டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருப்பார்கள். அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டர் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மணிக்கணக்குக்குப் பணம் கட்டி, அரை மணி நேரம் பென்டிரைவிலிருந்து விளையாட்டை ஏற்றி, ஆரம்பக் காட்சி ஓடும்போது கரண்ட் போவது அன்றைய கல்வித்திட்டத்தின் ஒரு பகுதி.

இப்போது தீர்வு. அதற்காகக் கலிபோர்னியா வரை போகத் தேவையில்லை. ஆரணியில் தறி இருக்கும் எந்த வீட்டுத் திண்ணையும் போதும்.

பட்டுப் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) ஒன்றில் பெரும்பாலும் மூன்று நான்கு புடவை வரும். பாவு தீரும் தறுவாயில், நெசவாளர் கடைசி அங்குலம் வரை நெய்து தறியைக் காலி செய்வதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்த இழைகளின் வால் அப்படியே நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய வாலின் ஒவ்வோர் இழையோடும் புது இழை ஒவ்வொன்றையும் வைத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்குவார்கள். பட்டு வழுக்கும், சாம்பல் பிடித்துக்கொள்ளும். முடிச்சு இல்லை, வெறும் முறுக்குத்தான். ஆயிரக்கணக்கான இழை, அநேகமாக அந்த வீட்டுப் பெண்மணி, டி.வி. சீரியலையும் விடாமல், விரல் ஓட்டத்திலேயே செய்துகொண்டிருப்பார். பிணைத்தபின் மெல்ல இழுத்தால் புதுப் பாவு முழுக்கப் பழைய தடத்திலேயே விழுதையும் அச்சையும் கடந்து வந்துவிடும். யாராவது கெட்டிக்காரன் ‘மீதி நூல்தானே’ என்று அந்த வாலை உருவிவிட்டால், ஒவ்வோர் இழையையும் மறுபடி விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சில் கோத்து, ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்று அந்தக் கெட்டிக்காரனுக்குக் காபி கிடைக்காது.

ஆக, பெருவிளையாட்டுப் பாதுகாப்பியலின் முதல் விதியும் கடைசி விதியும் ஒன்றே: வாலை உருவாதே.

இதைக் கம்ப்யூட்டரில் செயல்படுத்துவது எளிது. ஸ்டீமில் வாங்கிய விளையாட்டின் கனமெல்லாம் ஸ்டீம்ஆப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உள்ள காமன் என்ற ஃபோல்டரில் இருக்கிறது. விளையாட்டு எந்த மட்டத்தில் நிற்கிறது என்ற விவரம் சின்னஞ்சிறு கோப்பு ஒன்றில் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தக் குடும்பத்தைச் சி டிரைவில் குடிவைக்காமல் டி டிரைவில் வைத்தால், பார்மட் அண்ணன் சி-யை மட்டும் துடைத்துத் தரும்போது தப்பிக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, ஸ்டீமை நிறுவி, ‘என் கிடங்கு டி டிரைவில் இருக்கிறது’ என்று காட்டினால் போதும். இருப்பதைச் சரிபார்த்து, குறைகிற இழையை மட்டும் இறக்கிப் பிணைத்துக்கொள்ளும். எபிக் என்ற இன்னொரு விளையாட்டுக் கடையில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும்: பழைய ஃபோல்டருக்குப் பெயர் மாற்றி ஒதுக்கி வை, புதிதாக இறக்க ஆரம்பித்துச் சில நிமிடத்தில் நிறுத்து, செயலியை மூடு, பழைய சரக்கை அந்தப் புது ஃபோல்டருக்குள் கொட்டு, மறுபடி திறந்து தொடரச் சொல். அது ஒவ்வொரு கோப்பாகத் தடவிப் பார்த்து, எல்லாம் இருக்கிறதே என்று வியந்து நின்றுவிடும்.

வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் வைப்பவன் இன்னும் விவேகி. நொடிக்கு 100 எம்பி ஓடும் டிஸ்க் என்றால் 150 ஜிபி ஏற 25 நிமிடம். மேலே சொன்ன 8 மணி 20 நிமிடத்தோடு ஒப்பிட்டுக்கொள்க. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால், 2023 பிப்ரவரியிலிருந்து ஸ்டீம் ஒரே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தே விளையாட்டை வாங்கிக்கொள்ளும். பென்டிரைவில் அடுத்த தெருவிலிருந்து வாங்கிய காலம் சட்டபூர்வமாகத் திரும்பிவிட்டது என்று இதைக் கொள்ளலாம்.

வாலை உருவியபின் புதுப் பாவே கிடைக்காத நிலையும் உண்டு. 2014-ல் கொனாமி இலவசமாகக் கொடுத்த பி.டி. என்ற பேய் விளையாட்டு அடுத்த ஆண்டே பிளேஸ்டேஷன் கடையிலிருந்து தூக்கப்பட்டது. அழித்தவர்களுக்குத் திரும்ப வழியில்லை. நம் ஊரில் 2022 ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐ என்ற போன் விளையாட்டு செயலிக் கடைகளிலிருந்து மறைந்தது. மீண்டும் வந்தது 2023 மே மாதம்தான். ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அது மறைவதற்கு முந்தின வாரம் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நல்ல பிள்ளையாக அழித்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எனினும் எந்த நுட்பமும் தொடாத சிக்கல் ஒன்று பாக்கி. விடியலில் தெருவில் பாவு நீட்டியிருந்தால், பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். குழந்தைகூட அதன்மேல் கால் வைக்காது. கண்ணுக்குத் தெரிகிறது, யாரோ ஒருவருடைய பிழைப்பு என்று புரிகிறது. டி டிரைவில் நீட்டியிருப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். ஆனால் ஆரணியில் அப்பாவுக்குத் தெரியாத கடவுச்சொல் வைத்திருக்கும் பையனுக்கு வேறு விசாரணைகள் காத்திருக்கின்றன. ஃபோல்டருக்கு ‘பாவுக் கணக்கு’ என்று பெயர் சூட்டிய ஒரு தரவாளரின் விளையாட்டு மட்டும் இன்றுவரை யாராலும் தொடப்படவில்லை. ஆனால் பெயரை மாற்றியதால் அவருடைய ஸ்டீமுக்கும் அது தெரியவில்லை.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு ஒரு நெசவு வீட்டுத் திண்ணையில் நடந்தது. புறத்தேர்வாளர், ஓய்வுபெற்ற நெசவாளரான தாத்தா. தேர்வர், அவருடைய பேரன்.

‘எல்லாம் சரிடா. இந்த கேமை நீ கடைசியா எப்ப ஆடுன?’

‘போன தீபாவளிக்கு, தாத்தா.’

‘அப்புறம் எதுக்கு இப்படிக் காவ காக்குற?’

‘நீங்க மட்டும் பரண்மேல அந்தப் பழைய ஜக்கார்டு அட்டையெல்லாம் கட்டி வச்சிருக்கீங்களே. அந்த பார்டரை இப்ப யாரு கேக்கறாங்க?’

தாத்தா கொஞ்சம் யோசித்தார். ‘கேட்டா?’ என்றார்.

தேர்வர் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நிபந்தனை ஒன்று: அத்தை மகள் கல்யாண வீடியோவுக்கு டி டிரைவில் 40 ஜிபி இடம் ஒதுக்கித் தர வேண்டும்.