கைமடியிலிருந்து கைத்தாங்கலுக்கு

வா அப்புனு, வா. செருப்ப அக்கட்ட கழட்டிப்போட்டு இப்படித் திண்ணையில உக்காரு. காலைல செக்கிங்குக்குப் போறப்பவே உங்கம்மா சொல்லிப்போட்டுத்தான் போனா. "பனியன் கம்பெனி வேண்டாங்கறானுங்க, வயசானவங்களுக்குப் பண்டுதம் பாக்கற பயிற்சிக்குப் போறானாமா, நீங்கதான் கொஞ்சம் புத்தி சொல்லோணும்"னு. சொல்றதுக்கென்ன? எங்கிட்ட மிச்சம் இருக்கற சரக்கே அது ஒண்ணுதான். அதையும் இந்த நல்லூருக்குள்ள எவனும் வாங்கறதில்ல.

போன்ல என்ன தேடற? தகுதியா? அடேங்கப்பா! நான் கைமடிக்குப் போனப்ப எவனும் தகுதி கேக்கல சாமி. "ரெண்டு கையும் ஆடுதா, ஏறு சைக்கிள்ல"ன்னு கூட்டிப்போனாங்க. டெய்லர் தெச்சுத் தள்ளற பீஸை எடுத்து மடிச்சு அடுக்கறது, நூலு தீந்தா மாட்டறது, டீ வாங்கப் போறது. டெய்லர் பீடி பத்த வெக்கப் போன நேரம் பாத்து மெஷின்ல ஏறி உக்காந்து ஒரு கை ஓட்டிப் பாக்கறது. மாட்டினா மண்டையில ஒரு குட்டு. அதான் எங்க அப்ரண்டிஸ்.

இதுல ஒரு கூத்து கேளு. அப்ரண்டிஸ் சட்டம்னு ஒண்ணு வந்தது 1961-ல. பதினாலு வயசு நிறையாதவனச் சேக்கப்படாதுன்னு அதுல எழுதியிருக்குது. நான் கைமடிக்குப் போனது அதுக்கு அடுத்த வருசம், பதிமூணு வயசுல. சட்டமும் நானும் ஒரே காங்கேயம் ரோட்டுலதான் நடந்தோம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கவே இல்ல.

உனக்கு அந்தக் கவல இல்ல, பத்தொம்பது ஆச்சு. 14-ல இருந்து 35 வரைக்கும் அரசாங்கத்தோட அப்ரண்டிஸ் திட்டத்துல எடம் உண்டு. ஆனா நோயாளி பக்கத்துல விடற பாடத்துக்குப் பெரும்பாலும் 18 கேப்பாங்க, அதையும் தாண்டிட்ட. பத்தாவது பாஸுன்னா கதவு தெறந்தாப்பல. ஊட்டுக்கு வந்து பாத்துக்கற உதவியாளர் பாடத்துக்கு எட்டாவது படிச்சவங்களயும் சேத்திருக்காங்க. கணக்குல நீ வாங்கின மார்க்க நான் கேக்கல, அவங்களும் கேக்கமாட்டாங்க. ஆதார் வேணும், அதோட பேங்க் கணக்கு சேந்திருக்கோணும். ஒடம்பு வேலைக்குத் தாங்கோணும். அவ்வளவுதான். மாப்பிள்ள பாக்கறவன்கூட இதவிட எச்சாக் கேக்கறான்.

ஆனா ஒண்ணு, ஊருக்குள்ள போயி நர்ஸுக்குப் படிக்கறேன்னு பீத்திக்காத. துணை செவிலியர்னா பன்னண்டாவது முடிச்சு ரெண்டு வருசம் படிக்கோணும். நீ அவங்களுக்குக் கை உதவி. ஊசியத் தொடற சோலி உனக்கில்ல. அங்கயும் நீ கைமடிதான் அப்புனு, துணிக்குப் பதிலா ஆளு.

சம்பளமா? சம்பளம்னு சொல்லாத, உதவித்தொகை. 2019-ல போட்ட விதிப்படி, அஞ்சாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும் படிச்சவனுக்கு மாசம் குறைஞ்சது 5,000, பத்தாவதுக்கு 6,000, பன்னண்டாவதுக்கு 7,000. அதுல கால் பங்கு, 1,500 ரூவா வரைக்கும், மத்திய அரசு உன் கணக்குல போடும். மிச்சம் ஆசுபத்திரிக்காரன் குடுக்கோணும். இங்க ஓவர்லாக்குல ஒக்காந்து சனிக்கெழமை ஒன்றரை ஷிப்ட்டுக் கணக்குப் பாத்து வாங்கறவன் இதக் கேட்டா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் அம்பது சதவீதம் வரி போட்டப்ப இந்த ஊரு எப்படிச் சிரிச்சுதுன்னு நானும் பாத்தேன். கெழவன் ஆர்டர் அப்படி நிக்காது. 2021-க்குப் போட்ட மதிப்பீட்டுல தமிழ்நாட்டுல நூறு பேருக்குப் பதிமூணு, பதினாலு பேரு அறுபது தாண்டினவங்க. எங்க ஏத்துமதிக்கு எந்த நாட்டுக்காரனும் வரி போட முடியாது. அனுப்பற எடம் வேற.

சப்பானுக்குப் போலாங்கறயா? போ. 18 ஆயிருந்தாப் போதும். ஆனா அவங்க பேச்சுலயே பரிட்சை எழுதோணும், பண்டுதத்துக்குன்னு தனியாவும் பரிட்சை. நான் பேசற பேச்சே உனக்குப் பாதி புரியறதில்ல. சப்பான் கெழவன் என்ன கேக்கறான்னு உனக்கு எப்படித் தெரியப் போவுது?

இப்ப காதக் குடு. எவனாச்சும் ஒரு ஏஜென்சிக்காரன் வந்து, "தம்பி, ஒரு பெரியவர் ஊட்டுல ஆறு மாசம் பாரு, அதுதான் அப்ரண்டிஸ், பாதிச் சம்பளம்"னா எந்திரிச்சு வந்துரு. நாலு பேருக்குக் கொறஞ்சு வேல செய்யற எடத்துல அப்ரண்டிஸே வெக்க முடியாது. முப்பது பேரோ அதுக்கு மேலயோ இருந்தா வெச்சே ஆவோணும். ஒரு கெழவன் இருக்கற ஊடு கம்பெனி ஆவுமா? ஒப்பந்தம் எழுதி, போர்ட்டல்ல பதிஞ்சு, உன் பேரு அதுல வரோணும். அப்பத்தான் நீ அப்ரண்டிஸ், இல்லாட்டிச் சும்மா எடுபிடி. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குது, படிக்காம கையெழுத்துப் போட்ராத: அந்தச் சட்டப்படி நீ தொழிலாளி இல்ல, பயிற்சி பெறுறவன். பயிற்சி முடிஞ்சதும் வேல குடுத்தே ஆவோணும்னு அவங்களுக்குக் கட்டாயமும் இல்ல, ஒப்பந்தத்துல எழுதியிருந்தாத்தான். வேல செய்யறப்ப அடிபட்டா நட்டஈடு உண்டு. இடுப்புப் புடிச்சுக்கும், ஞாபகம் வெச்சுக்க.

சரி, பாரத்துல இருக்கற தகுதி முடிஞ்சுது. பாரத்துல இல்லாதது ஒண்ணு சொல்றேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால குளிக்கற எடத்துல வழுக்கி இடுப்பு ஒடஞ்சு கெடந்தனல்ல, அப்ப ஒரு ஏஜென்சிலிருந்து ஒருத்தன அனுப்பினாங்க. எந்த ஏஜென்சின்னு கேக்காத. ஆளு வாட்டசாட்டம். மல்லாக்கப் படுத்திருக்கறவன் வாயில காப்பிய ஊத்தினான். பொற ஏறி எமன் பக்கம் எட்டிப் பாத்துட்டு வந்தேன். நிமுத்தி ஒக்கார வெச்சுக் குடுக்கோணும், குடுத்த பொறவும் அரை மணி நேரம் சாய்க்கப்படாதுன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல. மூணா நாள் ஓடிப்போயிட்டான். அவன் ஓடினதா நான் ஓட்டினதாங்கறது எங்களுக்குள்ள இருக்கட்டும்.

அடுத்தாப்பல ஒரு அம்மிணி வந்துச்சு. பதினொரு வருசம் பிசிர் வெட்டி, செக்கிங் மேசையில நின்னு, கழுத்து வலி தாங்காம ஆறு மாசம் படிச்சுப்போட்டு வந்த புள்ள. முத நாளே என்னத் திருப்பிப் போட்டு, லைட்டப் போட்டு, குதிங்காலு, இடுப்பு, முதுகுத்தண்டு எல்லாம் பாத்துச்சு, துணிய விரிச்சுப் பாக்கற மாதரயே. குதிங்கால்ல ஒரு செவப்பு. வெரல வெச்சு அமுத்தி எடுத்துச்சு. செவப்பு வெளுக்கல. "அப்பாரய்யா, இது படுக்கைப் புண்ணுக்கு முத நூலுங்க"ன்னுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, ராவுலயும் எந்திரிச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுச்சு. காலுக்கடியில தலகாணி வெச்சுக் குதிங்கால அந்தரத்துல தொங்க விட்டுச்சு. நான் வஞ்ச வசவெல்லாம் இங்க சொல்ல முடியாது. அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே திருப்புச்சு. துணியில ஓட்ட விழுந்தா செகண்ட்ஸுன்னு காதர்பேட்டையில வித்துரலாம். எனக்கு ஓட்ட விழுந்தா எவன் வாங்குவான்?

அதனாலதான் சொல்றேன், பனியன் கம்பெனிய உட்டுப்போட்டுப் போறேன்னு சொல்லாத, கண்ண மட்டும் அங்கிருந்து எடுத்துக்கிட்டுப் போ. நாளைக்கு உங்கம்மா மேசைக்கு எதிர்ல ஒரு மணி நேரம் நில்லு. பீஸு கைல விழுந்த ஒடனே அவ கண்ணு எங்க போவுதுன்னு பாரு.

சிரிக்கறயா? வெச்சுக்கறேன். சரி எந்திரி, நேரமாச்சு. ஏய், அக்குளுக்குள்ள கையக் குடுத்துத் தூக்காத, தோள்பட்ட எறங்கிப் போவும்! கையப் புடிச்சும் இழுக்காத. கிட்ட வா. எடது பக்கம், அதான் ஒடஞ்ச பக்கம். உன் முட்டிய மடக்கு, முதுக மடக்காத. என் காலு ரெண்டும் தரையில பதியட்டும். திண்ணைய ஊனி நானே எந்திரிப்பேன், நீ இடுப்புல கைய வெச்சு அணைவாப் புடிச்சாப் போதும். அப்படித்தான். கொஞ்சம் நில்லு, தல சுத்துதான்னு பாக்கோணும். கேளு. "அப்பாரய்யா தல சுத்துதுங்களா"ன்னு வாயத் தொறந்து கேளு.

எங்கயா? உள்ள, கக்கூஸுக்குத்தான். ஏன் மூஞ்சி அப்படிப் போவுது? ஒரு கைல அந்தப் போன எதுக்குப் புடிச்சுக்கிட்டு நிக்கற, அதத் திண்ணையில வெச்சுப்போட்டு வா.