பழுததிகாரம்

பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிதார் இயல்பு, விகாரம் என இரு வகைப்படும். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். கலிபோர்னியாவில் அவருடைய ஃபுல்லர்டன் ஆலையை விட்டு வந்தபடியே, உள்ளே ஒரு சால்டர் பொட்டுகூட அசையாதிருப்பது இயல்பு. அதை விற்பவனுக்கு இலக்கணம் வேண்டாம். விலை சொல்லத் துணிச்சல் போதும். இவ்வதிகாரம் மற்றவர்க்கே.

விகாரம் தோன்றலும் கெடுதலும் திரிதலுமென மூன்று.

தோன்றலாவது இல்லாதது வந்து சேர்தல். எழுபதுகளில் பிரிசிஷன் வைத்திருந்த பலருக்கு ஃபெண்டரின் இன்னொரு வகையான ஜாஸ் பேஸின் ஓசையும் வேண்டியிருந்தது; பிரிட்ஜுக்கு அருகே மரத்தைக் குடைந்து இன்னொரு பிக்கப்பைப் பதித்தார்கள். பின்வந்தவர் அதைப் பிடுங்கி, குழியை மரத்துண்டால் அடைத்து, மேலே வண்ணமும் அடித்திருந்தால், தோன்றிக் கெட்டுத் திரிந்தது எனக் கொள்க.

கெடுதலுக்குப் பிக்கப் மேலும் பிரிட்ஜ் மேலும் இருந்த குரோம் மூடிகள் காட்டு. கைக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்தவை. வைத்த இடம் எவருக்கும் தெரியாது. இதைச் சொல்லி விலை குறைப்பவனிடம், திருகுத் துளைகள் அசல் என்று கூறி அமைக.

வழக்கு மிகுவது திரிதலில். மேற்பூச்சை உரித்து மறுபடி பூசியதே இதில் தலையாயது. மறுபூச்சு பாதி விலை என்மனார் வியாபாரிகள். புறஊதா விளக்கைப் பிடித்தால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். பிற்காலத்து ஒட்டுப்பூச்சு பெரும்பாலும் தனியே தெரிந்துவிடும். வால்யூம் கண்ட்ரோலின் முதுகையும் பார்க்க வேண்டும். 137 6612 என்றிருந்தால் 137 அதைச் செய்த சி.டி.எஸ். நிறுவனம், 66 ஆண்டு, 12 வாரம். உதிரிபாகம் ஆலையில் தூங்கிவிட்டுப் பிந்திய கிதாரில் ஏறலாம்; தான் பிறக்குமுன் 1963ஆம் ஆண்டுக் கிதாரில் ஏற முடியாது.

இம்மூன்றிலும் அடங்காதது முறிவு. கிப்சன் ஈ.பி.-3 போன்ற பேஸ்களின் கழுத்து மகாகனி மரம், தலை பின்சாய்ந்தது. மல்லாந்து விழுந்தால் கழுத்தும் தலையும் கூடுமிடத்தில் முறியும். நன்றாக ஒட்டினால் வாசிப்புக்கு ஒரு குறையுமில்லை. எதுவும் தோன்றவில்லை, திரியவில்லை, கெடவில்லை. விலை மட்டும் போயிற்று. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. வாசிக்க மட்டும் வாங்குகிறவன் தேட வேண்டியது இந்த வகையைத்தான்.

இனிப் புறனடை. பேஸ் வாசிப்பில் பெயர்பெற்ற ஜாக்கோ பஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸில் ஃபிரெட்கள் இல்லை; விரல்பலகையில் படகுக்குப் பூசும் எபாக்சி. நூலின்படி கெடுதலும் திரிதலும் ஒருங்கே வந்த கருவி. அதன் பெருமையே அதுதான். ஆயினும் உம்முடைய கிதாரில் ஃபிரெட் பிடுங்கியவர் ஜாக்கோ அல்லர் என்பதை விளம்பரம் எழுதுமுன் நினைக்க.

விற்போன் கழுத்தைக் கழற்றி, அடியிலுள்ள தேதியையும், பிக்கப் குழிகளையும், சால்டரையும் படமெடுத்துக் காட்டுக. அறுபதுகளின் முற்பகுதிப் பேஸாயின் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கக்கூடும். அம்மரம் 1992 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. நாட்டெல்லை தாண்டி விற்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டின்றி அனுப்பியதைச் சுங்கத்தார் பிடித்துவைத்தால் அதுவும் கெடுதலின்பாற்படும்.